விற்பது படமா? வெறியா?

(திருவேங்கடத்தில் நடைபெற்ற தனித்தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறித்தது தொல்காப்பியப் பாயிரம். அந்த மலை நம் கையை விட்டுப் போயிற்று. அதன் பெயர் மட்டும் இந்தத் தென்பாண்டிக் கரிசல் நிலத்தில் உங்கள் ஊர்ப்பெயராய் நின்று நிலவுகின்றது. எல்லை இழந்த கதையைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊரில், இன்று நாம் இழந்துகொண்டிருக்கும் வேறொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன்.

எனக்குத் தரப்பட்ட பொருள் திரைப்பட விளம்பரம். தனித்தமிழ் மேடையில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். திரைப்படம் வேண்டுமா வேண்டாவா என்பதன்று இன்றைய வழக்கு. ஒரு முதலாளி தம் பணத்தைப் பணயம் வைத்து ஒரு படம் எடுக்கின்றார். அந்தப் படம் விற்காமற் போனால் அவர்க்கு இழப்பு. அந்த இழப்பிலிருந்து தப்புவதற்கு அவர் எதை எடுத்து விற்கின்றார்? அவர் கையில் உள்ள பொருளையா, நம் நெஞ்சில் உள்ள உணர்வையா? இதுவே வழக்கு.

முதலில் அந்த வணிகத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் கத்தரிக்காய் வாங்கும் தாய் அதைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, பூச்சி உண்டா என்று புரட்டி, பிறகுதான் காசை எடுக்கின்றாள். துணி வாங்கினால் தடவிப் பார்க்கலாம். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். திரைப்படம் ஒன்றுக்குத்தான் முதலில் காசு, பிறகு சரக்கு. பார்த்து முடித்தபின் பிடிக்கவில்லை என்று திருப்பித் தர முடியாது. எடுத்தவர்க்கோ முதல் சீட்டு விற்குமுன்பே முழுப்பணமும் செலவாகிவிடுகின்றது. படம் நன்றாயில்லை என்னும் சொல் ஊரெல்லாம் பரவுதற்கு மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும் என்பதே இவ்வணிகத்தின் உயிர்நிலை. எனவே, அவர்கள் விற்பது படத்தையன்று. படத்தைப் பற்றிய எதிர்பார்ப்பை. எதிர்பார்ப்பை மூட்டுவதற்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் எரிபொருள் எது தெரியுமா? சண்டை! தீப்பெட்டித் தொழில் செய்யும் இப்பகுதி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குச்சியும் மருந்துப்பட்டையும் தனித்தனியே கிடந்தால் ஒன்றுமில்லை, உரசினால்தான் தீ.

இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. 1948-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் செமினி நிறுவனத்தின் 'சந்திரலேகா' வெளிவந்தது. எடுத்தவர் எசு.எசு. வாசன். அவர் திரைத்துறைக்கு வருமுன்பே விளம்பரத் தொழிலில் தேர்ந்தவர். 1928-இல் ஆனந்த விகடன் இதழை வாங்கி நடத்தியவர். அக்காலத்தில் எவரும் நினைத்துப் பார்க்காத அளவில், ஏறத்தாழ 30 இலக்கம் உருபாவை அவர் அந்த ஒரே படத்தில் கொட்டினார். தமிழகத்தில் கூட்டம் திரண்டது. ஆயினும் தமிழகத்துக் கூட்டம் மட்டும் அந்தச் செலவை ஈடுகட்டப் போதவில்லை. என்ன செய்தார்? அதே ஆண்டு திசம்பர் 24-இல் அதை இந்திப் படமாக்கி வெளியிட்டார். வடநாட்டு நகரங்களில் அதுவரை கண்டிராத பெரும் விளம்பரத்தை அதற்காகச் செய்தார். அவர் திறமையை நான் குறைத்துக் கூறவில்லை. அதிலுள்ள பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நிலம் தாங்கும் அளவைத் தாண்டிச் செலவு போகும்போது, அந்தப் பொருள் தமிழ்ப் பொருளாக நிலைக்க முடிவதில்லை. இன்று அனைத்திந்தியப் படம் என்று கூவுகின்றார்களே, அதன் வித்து அங்கே கிடக்கின்றது. ஐந்து மொழியிலும் ஒரே பெயரில் விற்க வேண்டுமானால் தமிழ்ப்பெயர் எப்படி வாழும்? இதற்குப் பிறகு வருகின்றேன்.

அடுத்தது, பெரியவர்கள் நன்கறிந்த கதை. ம.கோ. இராமச்சந்திரன் தாமே முதலிட்டு, தாமே இயக்கி, தாமே நடித்த படம் 'உலகம் சுற்றும் வாலிபன்'. 1970-இல் சப்பான் நாட்டு ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும், ஆங்காங்கு, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய இடங்களிலும் சென்று எடுத்த பெருஞ்செலவுப் படம் அது. படம் முடிவதற்குள் அரசியல் மாறிற்று. 1972 அக்தோபரில் தி.மு.க.விலிருந்து அவர் நீக்கப்பட்டார். உடனே தனிக்கட்சி கண்டார். ஆட்சியோ தி.மு.க.வின் கையில். படம் வெளிவருமா வராதா என்பதே பேச்சாயிற்று.

சென்னையில் சுவரொட்டிக்கான வரி உயர்த்தப்பட்டதென்றும், அதனால் சுவரொட்டியை விட்டுவிட்டுச் சிறு ஒட்டுத்தாள்களை அச்சிட்டு வழங்கினர் என்றும் அக்காலத்தை எழுதியோர் குறித்துள்ளனர். சுவரொட்டி என்றால் நமக்குத் தொலைவான பொருளன்று. தமிழகத்துச் சுவர்களையெல்லாம் மூடிய படத்தாள்கள் பக்கத்துச் சிவகாசியின் அச்சகங்களில் உருண்டு வந்தவை. அதில் கூலி பெற்றவர் நம் உறவினர். சுவரொட்டி சுவரில் நிற்கும். பார்ப்பவர் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒட்டுத்தாள் அப்படியன்று. அதை ஒருவன் தானே வாங்கித் தன் வண்டியில், தன் கதவில், தன் பெட்டியில் ஒட்டிக்கொள்கின்றான். நேற்றுவரை விளம்பரத்தைப் பார்த்தவன் இன்று விளம்பரத்தைச் சுமப்பவன் ஆனான். கூலியும் இல்லை! தடையே புதிய கருவியைப் பெற்றுத் தந்தது.

மதுரையில் தி.மு.க. முன்னணியினர் மதுரை முத்து, இந்தப் படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வேன் என்று சூளுரைத்ததாக இன்றளவும் பேசப்படுகின்றது. அந்த ஒரு சொல் செய்த விளம்பரத்தைக் கோடி உருபா கொடுத்தாலும் செய்திருக்க முடியாது. 1973-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் படம் வெளிவந்தது. மக்கள் படம் பார்க்க மட்டுமா போனார்கள்? சூள் தோற்றதைப் பார்க்கப் போனார்கள். ஒன்பது நாள் கழித்து, மே 20-இல், திண்டுக்கல் இடைத்தேர்தல். புதிய கட்சியின் மாயத்தேவர் வென்றார். நுழைவுச்சீட்டும் வாக்குச்சீட்டும் ஒன்றாய்ப் போயின.

இருபக்கமும் தமிழர்தாம், இருபக்கமும் தமிழைச் சொல்லி வளர்ந்தவர்தாம். ஓர் ஆண்மகன் சேலை கட்டுவதை இழிவென்று ஒரு பக்கம் சூளுரைக்க, மறுபக்கம் அதையே நகையாடிக் களித்தது. சேலை இழிந்த ஆடையா? நம் தாய் கட்டுவதல்லவா அது? தாய்மார்களின் ஆடை இரண்டு கட்சிகளின் பந்தயப் பொருளானதை அன்று எத்தனை பேர் கேட்டார்கள்? விளம்பர ஆரவாரத்தில் முதலில் அடிபடுவது மானவுணர்வு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி நம் மொழிக்கு வருவோம். 2004, 2005-ஆம் ஆண்டுகளில் திரைப்படங்களுக்குத் தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டுமென்று தமிழ் அமைப்புகளும், மருத்துவர் இராமதாசு, தொல். திருமாவளவன் ஆகியோரும் குரலெழுப்பினர். கோரிக்கை முழுக்க முழுக்க அறமானது. ஆங்கில எழுத்து இரண்டைப் பெயராகக் கொண்டிருந்த ஒரு படம் 'அன்பே ஆருயிரே' என்று மாறியது. 'மும்பை எக்சுபிரசு' மாறாமலே 2005 ஏப்பிரலில் வெளிவந்தது. மாறிய படத்திற்கும் பேச்சு. மாறாத படத்திற்கும் பேச்சு. செய்தித்தாள்கள் நாள்தோறும் இரண்டு பெயரையும் இலவசமாக எழுதின.

2006-இல் கலைஞர் ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை! ஒரே நாளில் படமுதலாளிகள் எல்லாம் தமிழ்ப் புலவர் ஆயினர். 'சில்லுனு ஒரு காதல்' என்று முதலெழுத்து மாறிற்று. 'எம்டன் மகன்' என்பது 'எம் மகன்' ஆயிற்று. 'ரோபோ' என்று பேசப்பட்டது 'எந்திரன்' ஆயிற்று. 2007-இல் வந்த 'சிவாசி' ஆள்பெயர் என்பதால் அதற்கும் விலக்கு. அதன் வாலில் தொங்கிய ஆங்கிலச் சொல் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. படத்தின் உள்ளே பேச்சு தமிழா, பாட்டு தமிழா என்று கேட்பார் இல்லை. வரிவிலக்கால் நுழைவுச்சீட்டின் விலை குறைந்ததா என்றால், அந்தப் பயன் பார்ப்பவர்க்கு வந்து சேரவில்லை என்னும் முறையீடே தொடர்ந்து எழுந்தது. 2011-இல் அடுத்த ஆட்சி, தமிழ்ப் பண்பாட்டைப் போற்ற வேண்டும், அனைவரும் பார்க்கத்தக்க சான்று பெற வேண்டும் என்று மேலும் கட்டுப்பாடுகளைச் சேர்த்தது.

2017 சூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி என்று வழங்கும் நடுவணரசின் வரி வந்தது. பழைய கேளிக்கை வரியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. தமிழ்ப்பெயருக்குத் தந்த சலுகை வலுவிழந்தது. பிறகு என்ன நடந்தது? 2021-இல் 'மாசுடர்'. 2022-இல் 'பீசுட்டு'. 2023-இல் 'செயிலர்', 'இலியோ'. 2024-இல் 'கேப்டன் மில்லர்'. ஐந்து மொழியிலும் ஒரே பெயரில் விற்க வேண்டும் என்று சொன்னேனே, அந்தக் கணக்கு இங்கே வந்து முடிகின்றது. காசு இருந்தவரை தமிழ் இருந்தது; காசு போயிற்று, தமிழும் போயிற்று.

தமிழர்களே, எண்ணிப் பாருங்கள்! 1916-இல் வேதாசலம் என்னும் பெருமகனார் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டது எந்த வரிவிலக்கை நாடி? கூலிக்குத் தமிழ் பேசுகின்றவன் கூலி நின்ற அன்றே வேற்றுமொழி பேசுவான். அவனைக் குறைசொல்லிப் பயனில்லை. கூலித் தமிழை மொழிப்பற்று என்று மயங்கியவர்கள்தாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து 2013. கமலகாசன் தம் 'விசுவரூபம்' படத்தைத் திரையரங்கில் வெளியிடும் முன்னிரவே வீட்டுக் கூரையிலுள்ள வட்டில் வழியாகத் தொலைக்காட்சியில் காட்டப் போவதாக அறிவித்தார். கட்டணம் 1,000 உருபா. திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். படத்தைத் திரையிட மாட்டோம் என்றனர். அவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். சனவரி 11 என்பது சனவரி 25 ஆயிற்று. அதற்குள் இசுலாமிய அமைப்புகள் தம் மக்களைப் படம் இழிவுபடுத்துகின்றதென்று எதிர்த்தன. மாவட்ட ஆட்சியர்கள் வழியாக 144-ஆம் பிரிவின்படி இரு கிழமைத் தடை வந்தது. சனவரி 29-இல் உயர் வழக்குமன்றத்தின் ஒரு நடுவர் தடையை நீக்கினார். மறுநாளே இருவர் அமர்வு மீண்டும் நிறுத்தியது. தம் உடைமை முழுவதையும் படத்தில் வைத்திருப்பதாகவும், நாட்டை விட்டே போகவேண்டி வருமென்றும் கமலகாசன் கலங்கிக் கூறினார். பேச்சு நடந்து, சில இடங்களில் ஒலியை நீக்க இசைந்தபின், பிப்பிரவரி 7-இல் தமிழகத்தில் படம் வெளிவந்தது.

தடையை அவர் கேட்டுப் பெறவில்லை. புதிய வழியில் விற்க முயன்றதும் குற்றமன்று. இன்று இணையத்தின் வழியே படம் பார்ப்பது எங்கும் இயல்பாகிவிட்டது. ஒரு கலைஞனின் படத்தைக் கூட்டம் கூடித் தடுப்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆனால், அந்த நாள்களில் நடந்த ஒன்றைக் கருதிப் பாருங்கள். அவருடைய அடியார்கள் அவர்க்குக் காசோலைகள் அனுப்பத் தொடங்கினர்! அவற்றைத் திருப்பியனுப்புவதாக அவர் பெருந்தன்மையோடு கூறினார். அனுப்பியவர் யார்? மாதச் சம்பளத்தில் வாழ்கின்றவர்கள். கோடிக்கணக்கில் முதலிட்டவரின் இடரைத் தன் இடராக எண்ணித் துடிக்கும் உள்ளம் தமிழனுக்கு இருக்கின்றது. அது இழிந்த உள்ளமா? இல்லை, மிக உயர்ந்த உள்ளம். அந்த உள்ளம் யாருக்காகத் துடிக்கின்றது என்பதிலேதான் நம் இனத்தின் கேடு இருக்கின்றது.

கேடு காசோடு நிற்கவில்லை. விடியற்காலைக் காட்சி, நள்ளிரவுக் காட்சி என்று முதல்நாள் வெறியை மூட்டும் வழக்கம் வளர்ந்தது. 2023 சனவரி 11-ஆம் நாள், இரண்டு பெரிய நடிகர்களின் படங்கள் ஒரே நாளில் வெளிவந்தபோது, சென்னையில் 19 அகவை இளைஞன் ஒருவன் ஓடும் சரக்குந்தின்மேல் ஆடி, கீழே குதித்து, உயிர் நீத்தான். அவனைப் பெற்றவளுக்கு எந்தப் பட வசூல் ஈடு? அதே ஆண்டு அக்தோபரில் 'இலியோ' படத்திற்கு விடியல் 4 மணிக் காட்சி வேண்டுமென்று படமுதலாளி வழக்குமன்றம் வரை சென்றார். காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லை என்று அரசு உறுதியாய் நின்றது. அந்த உறுதியை நாம் பாராட்ட வேண்டும்.

பெருமக்களே, இடர் மிகுந்த வெளியீடு என்றால் என்னவென்று உங்கள் மண்ணிலிருந்தே ஒன்று சொல்கின்றேன். பக்கத்துச் சங்கரன்கோவிலில் 1902-ஆம் ஆண்டு பிப்பிரவரி 7-ஆம் நாள் பிறந்தவர் ஞா. தேவநேயப் பாவாணர். ஒவ்வொரு தமிழ்ச்சொல்லின் வேரையும் தேடி ஒரு பேரகரமுதலி செய்ய வேண்டும் என்பது அவர் வாழ்நாள் வேட்கை. அதற்குச் சுவரொட்டி இல்லை. நள்ளிரவுக் காட்சி இல்லை. தென்மொழி அன்பர்கள் தம் சிறுவருவாயிலிருந்து திங்கள்தோறும் பணம் திரட்டி அந்தப் பணியைத் தாங்கினர். 1974-இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அமைத்து அவரை இயக்குநர் ஆக்கியது. 1981 சனவரியில் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அவர் நோயுற்று மறைந்தார். முதல் மடலம் 1985-இல் வெளிவந்தது. அதன் அச்சு மையின் மணத்தை அவர் நுகரவில்லை. வாழ்நாளையே முதலாக இட்டவர், வெளியீட்டு நாளைக் காணவில்லை!

அந்த அகரமுதலி இவ்வட்டாரத்தில் எத்தனை பள்ளிகளில் இருக்கின்றது? அதைத் தொட்டுப் பார்த்த மாணவர் எத்தனை பேர்? திரைநடிகரின் பிறந்த நாளை நாள், கிழமையோடு சொல்லும் இளைஞனுக்குத் தன் ஊர்ப்பக்கத்தில் பிறந்த பாவாணரின் பெயர் தெரியுமா? இளைஞன்மேல் சினம் கொள்ளாதீர்கள். நடிகரை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆயிரம் பேர் கூலிக்கு உழைக்கின்றனர். பாவாணரைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாம் எத்தனை பேர் உழைத்தோம் என்பதே வினா.

எனவே, என்ன செய்வது? சுவரொட்டியைக் கிழிப்பதா? திரையரங்கை மறிப்பதா? அது கூடவே கூடாது. 1973-லும் 2013-லும் பார்த்தோம். மறிப்பது ஒவ்வொன்றும் விற்பனைக்கு வழி. அவர்கள் உரசுவதற்குக் குச்சி தேடும்போது நாம் பட்டையாகக் கூடாது.

ஒன்று: படம் பார்க்க விரும்புகின்றவர் மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். நல்ல படம் நான்காம் நாளும் நல்ல படமே. அந்த மூன்று நாள் பொறுமை இந்த வணிகத்தின் உயிர்நிலையைத் தொடும். இரண்டு: அரசு வரையறுத்த விலைக்கு மேல் ஒரு காசும் கொடாதீர்கள், கூடுதலாகக் கேட்டால் சீட்டைக் காட்டி மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் முறையிடுங்கள். மூன்று: வெட்டுருவத்திற்குப் பால் முழுக்காட்டும் பழக்கம் இவ்வூர் எல்லைக்குள் வேண்டா, அந்தப் பாலைச் சத்துணவுக் கூடத்துக் குழந்தைக்குக் கொடுங்கள். நான்கு: தமிழ்ப்பெயர் வைத்த படத்தைப் பாராட்டுங்கள், வைக்காத படமுதலாளிக்கு ஊரார் கையொப்பமிட்டு மடல் எழுதுங்கள். தமிழ்நாட்டில் தமிழ்ப்பெயர் அவர் நமக்குச் செய்யும் உதவியன்று. நமக்கு அவர் கட்ட வேண்டிய கடன். ஐந்து: ஒரு நுழைவுச்சீட்டின் விலையை மட்டும் திங்கள்தோறும் ஒவ்வோர் இளைஞரும் எடுத்துவைத்து, பாவாணர் அகரமுதலியை ஒவ்வொரு பகுதியாக வாங்கி இவ்வூர் நூலகத்தில் வையுங்கள். 31 பகுதிகள் இருக்கின்றன. பத்து இளைஞர்கள் சேர்ந்தால் சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.

இந்த ஐந்தாவதை இன்றே தொடங்கலாம். மேடைக்குக் கீழே ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் பத்துப் பேர் பெயரெழுதினால் போதும். விளம்பரம் இல்லாமல் நடக்கட்டும், வேலை நடக்கட்டும். துடிக்கும் உள்ளம் தமிழனுக்கு உண்டு. அது இனித் தமிழுக்காகத் துடிக்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!